ஒரு பச்சிலையின் பெயர்கள்

மூலிகையைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வாக்கியத்திலேயே சித்தர்களைக் கூப்பிட்டுவிடுகிறார். 'அகத்தியர் அருளியது' என்று போட்டுவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. எனக்கு அகத்தியரோடு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியம் நம் சரித்திரத்தில் செய்துவருகிற காரியம் என்ன என்று பார்க்க வேண்டும் என்று கொஞ்ச காலமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வசதியாக ஒரு செடி அகப்பட்டிருக்கிறது. செடி சிறியது. அதன்மேல் ஏற்றிய பெயர்கள் பெரியவை.

செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, குற்றால மலையையும் தாண்டி, பாபநாசத்துக்கு மேற்கே மலைத்தொடர் 1868 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிற இடம் அகத்தியமலை. மலையாளத்தார் அகஸ்தியகூடம் என்கிறார்கள். அச்சன்புதூர்க்காரனான எனக்குத் தினமும் கண்ணில் படுவது அந்தச் சிகரம் அல்ல, அதே தொடரின் வடக்குப் பக்கத்து மலைகள்; என்றாலும் எங்கள் பக்கத்தில் 'மலை மருந்து' என்று சொன்னால் மனசு போய் நிற்பது அங்கேதான். அந்தச் சிகரத்தைச் சுற்றியுள்ள காடுகளில், ஓடைக்கரை நிழலில், ஈரம் காயாத மண்ணில் இந்தச் செடி வளர்கிறது. தரையோடு தரையாக இருக்கும். மெல்லிய தண்டு, தண்டுக்கு ஒரே இலை, இலையின் அடியில் கருஞ்சிவப்பாகச் சின்னஞ்சிறு பூ. மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேர்த்தண்டு. ஒரு காலத்தில் தாவர சாஸ்திரிகள் இதைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது காட்டுவள்ளியின் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். வழியில் போகிறவர் யாரும் நின்று பார்க்கும்படியான செடி இல்லை.

1987 டிசம்பரில் அகில இந்திய இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் குழு ஒன்று, பி. புஷ்பாங்கதன் தலைமையில், கேரளப் பக்கத்திலிருந்து இந்தக் காட்டுக்குள் போயிற்று. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிக்காரர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிக்காரர்கள் எதையோ மென்றுகொண்டு சோர்வில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மென்றது இந்தச் செடியின் காய். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தின்றதும் தெம்பு வந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். என்ன செடி என்று கேட்டபோது பதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் என்றார்கள். தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு காட்டிக்கொடுத்தார்கள். தமிழில் இந்த வினைச்சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வாசகர் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம். பின்னால் காணிகளுக்குள்ளேயே இரண்டு அர்த்தத்திலும் இது பேசப்பட்டது.

வழிகாட்டிகளின் பெயர்கள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி. இந்த இரண்டு பெயர்களும் எழுத்தில் இருக்கின்றன. நம் மருத்துவ சரித்திரத்தில் இது எத்தனை அபூர்வம் என்பதைச் சொல்லத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் செடியின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். 1788இல் ஜெர்மானியரான கெர்ட்னர் இதற்கு ட்ரைக்கோபஸ் ஸெய்லானிக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் மயிர் என்றும் கால் என்றும் இரண்டு சொற்கள். நூல்போன்ற பூக்காம்பைப் பார்த்து வைத்தது. இரண்டாவது சொல் இலங்கை. கெர்ட்னர் இலங்கைக்கு வந்தவரல்ல. கனிகளையும் விதைகளையும் மேஜையில் வைத்துப் பார்த்து எழுதியவர். பிற்பாடு பெட்டோம் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவில் இருந்தவர், இந்தப் பக்கத்துச் செடியைத் தனியாகக் கண்டு திருவிதாங்கூர்ப் பெயரைச் சேர்த்தார். ஆகவே இன்று இதன் முழு லத்தீன் பெயரில் ஒரு தீவும் ஒரு சமஸ்தானமும் இருக்கின்றன. தீவு பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. சமஸ்தானம் இல்லாமலே போய்விட்டது. காட்டில் இருந்தவர்களைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு எழுத்தும் இல்லை.

பிறகு 'ஆரோக்கியப்பச்சை'. கேரளத்தில் 'ஆரோக்யபச்ச'. காணிகள் வழங்கும் பெயர் என்று இதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பச்சை நம் சொல். ஆரோக்கியம் வடசொல். ஓடைக்கரையில் காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு நடக்கிற ஒருவன் 'ஆரோக்கியம்' என்றா சொல்லியிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். கேட்டவருக்குப் புரிகிற மாதிரி சொன்ன பெயராக அது இருக்கலாம் என்று படுகிறது. 1988இல் வந்த முதல் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலோ 'காணிகளின் ஜின்செங்' என்று இருந்தது. ஜின்செங் கொரியாவிலும் சீனத்திலும் விளைகிற கிழங்கு. உலகச் சந்தையில் அதற்கு ஏற்கெனவே விலை உண்டு. காணிக்காரனின் காய் உலகத்துக்கு அறிமுகமாக வேண்டுமானால் கொரியாக்காரனின் பெயரைப் பூண்டுதான் வர வேண்டியிருந்தது. கடைசியாக வந்தது 'ஜீவனி'. அது செடியின் பெயர் அல்ல, டப்பாவின் பெயர்.

பெயர் மாற்றுவது விஞ்ஞானம் தொடங்கிவைத்த பழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் அது கோயிலிலேயே இருக்கிறது. திருக்குற்றாலத் தலபுராணக் கதைப்படி அங்கே இருந்தது விஷ்ணு கோயில். அகத்தியர் உள்ளே போய்த் தலையில் கைவைத்து அழுத்தி, நின்ற திருமேனியைக் குறுக்கிச் சிவலிங்கமாக்கிவிட்டார். இதைப் பக்தர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். ஒன்றை அழுத்தி இன்னொன்றாக்குவதில் முனிவருக்கு இருந்த கைப்பழக்கத்தை நான் வேறு விதமாகவும் வாசிக்கிறேன். அகத்தியர் பேரில் வழங்கும் வைத்திய நூல்கள் ஏராளம். அவற்றின் தமிழைப் பார்த்தாலே தெரியும், ஒருவர் எழுதியதும் இல்லை, ஒரு காலத்தில் எழுதியதும் இல்லை. பல நூற்றாண்டுகளில் பல பேர் கண்டும் கேட்டும் தொகுத்தவை. எழுதியவர்கள் தம் பெயரைப் போடாமல் முனிவர் பெயரைப் போட்டார்கள். அதை அடக்கம் என்று சொல்வதுண்டு. எழுதியவர்கள் விஷயத்தில் அடக்கமாக இருக்கலாம். ஆனால் எழுதியவனுக்கு முந்தி, காட்டில் இலையைக் கிள்ளிக்கொடுத்து இன்னதற்கு ஆகும் என்று சொன்னவன் ஒருவன் இருந்தானே, அவனுக்கு யாருடைய அடக்கம்?

குற்றாலக் குறவஞ்சியை இந்தக் கேள்வியோடு எடுத்துப் பாருங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் வசந்தவல்லிக்கு முன்னால் குறத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி மலைவளம் பாடவைக்கிறார். அந்தப் பாட்டின் அழகைப் பற்றி டி.கே.சி. தொடங்கி எல்லோரும் சொல்லியாயிற்று; நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வேறு. மலையில் என்னென்ன உண்டு என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்தக் குறத்தி, மூலிகைக்கு வரும்போது அதை விளைப்பவர்களாகச் சொல்வது வானத்திலிருந்து இறங்கிவரும் சித்தர்களை. தன் கூட்டத்தாரை அல்ல. மலையில் பிறந்து, மலையைத் தோண்டிக் கிழங்கெடுத்து, பச்சிலை கொண்டு வந்து விற்கிற ஒருத்தியின் வாயிலேயே அந்த அறிவு சித்தர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டாயிற்று. கவிராயர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது இயல்பாக வந்தது. இயல்பாக வந்தது என்பதுதான் பிரச்னை. நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் மானியம் விட்டார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். குறவஞ்சியின் பேரால் ஒரு மேடு. ஆனால் அனுபோகம் கவிராயருக்கு. பயன் பங்கீடு என்று இந்த நாளில் சட்டத்தில் எழுதுகிறார்களே, அதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்து முதல் உதாரணம் இதுதான்.

கம்பெனிக்காரர்கள் வந்த பிறகு குற்றாலத்துக்கு இன்னொரு மரியாதை கிடைத்தது. ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை என்று பரீட்சார்த்தமாகத் தோட்டம் போட்டார்கள். 1830களில் ராபர்ட் வைட் வந்து செடிகளைச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பில் குற்றாலம் என்ற ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வரும். வைட்டுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். இவர்கள் பெயரை வைட் எழுதிவைத்தார். செடி எந்தப் புதரில் இருக்கிறது என்று காட்டிக் கூடையில் சுமந்து வந்தவர்களின் பெயர் அப்படி வரவில்லை. இதற்கு முந்தி, 1678இலிருந்து 1693வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். டச்சுத் தளபதி வான் ரீட், தனக்குச் சொல்லிக்கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றிதழை அவர் கைப்படவே அச்சிட்டார். ஆனால் இட்டி அச்சுதன் ஏடு வைத்திருந்த வைத்தியர். ஏடு உள்ளவனுக்கு ஏடு உள்ளவன் கொடுத்த மரியாதை அது. ஏடு இல்லாதவனுடைய முறை வர இன்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று.

ஆகவே 1987க்குத் திரும்புகிறேன்.

காயைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். எலிகளுக்குக் கொடுத்து நீரில் நீந்தவிட்டு எத்தனை நேரம் களைக்காமல் நீந்துகின்றன என்று பார்த்தார்கள். களைப்பைத் தள்ளிப்போடும் சத்து இருக்கிறது என்று ஆயிற்று. புஷ்பாங்கதன் பின்னர் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். வேலை அங்கே தொடர்ந்தது. காயைவிட இலை உபயோகப்படும் என்று கண்டார்கள். செடியைப் பிடுங்காமல் இலையை மட்டும் திரும்பத் திரும்பக் கிள்ளலாம் என்பது பெரிய சௌகரியம். இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற சூரணம் தயாராயிற்று. துணைக்கு வந்த இந்த மூன்றும் ஆயுர்வேதத்தில் பழைய சரக்குகள். எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். புதிதாக உள்ளே வந்தது காணியின் இலை ஒன்றுதான். அது ஆயுர்வேத மருந்தாக உள்ளே போக, ஏட்டில் இருந்த மூன்றின் தோளில் கைபோட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது.

1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மஸிக்கு இதைத் தயாரிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்ச ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. காலம் 7 வருஷம். இந்த இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. இதை விமர்சிப்பது சுலபம். 2 சதவீதத்தில் பாதி என்றால் 1 சதவீதம். ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது இந்தியாவில் அப்படிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. 1992இல் ரியோவில் உயிர்ப்பன்மை உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. நம் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல்தான். யாரும் கட்டாயப்படுத்தாமல், இந்த அறிவு இன்னாருடையது என்று ஒரு அரசாங்க ஸ்தாபனம் எழுதிக்கொடுத்தது. அகத்தியர் நூல்களில் ஒன்றுகூட இதைச் செய்ததில்லை.

பணம் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுப்பது? காணிகளுக்கு மூட்டுக்காணி என்ற தலைவரும் பிலாத்தி என்ற பூசாரி வைத்தியரும் உண்டு. ஆனால் காசோலை வாங்க இவர்கள் போதாது. பதிவான ஒரு ஸ்தாபனம் வேண்டும். 1997 நவம்பரில் 'கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' பதிவாயிற்று. 1999இல் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்குக்கு வந்தது. யானையால் தாயை இழந்த இரண்டு சிறுமிகளின் எதிர்காலத்துக்கு ஒரு தொகை ஒதுக்கினார்கள் என்று படித்தபோது, உலக மாநாடுகளில் இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசப்பட்ட அத்தனையையும்விட அந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்குள் சண்டையும் வந்தாயிற்று. வழிகாட்டிகள் குற்றிச்சல் பக்கத்துக்காரர்கள். விதுரை, பெரிங்ஙமலை பக்கத்துக் காணிகள் தங்களை யாரும் கேட்கவில்லை என்றார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கக்கூடாது என்று 1995இலேயே ஒரு சாரார் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். சொன்னவர்கள் இரண்டு பேர். சொல்லப்பட்டதோ எல்லோருக்கும் சொந்தம். அந்த அறிவை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது காட்டுக்குள் அதுவரை எழாத கேள்வி. காட்டிலாகாவும் குறுக்கே வந்தது. காணிகள் செடியை வளர்த்து இலையை விற்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு, ஒதுக்கிய காட்டிலிருந்து செடி வெளியே போகக்கூடாது என்று தடை. தோட்டத்தில் வளர்க்கலாம் என்றால், காட்டுக்கு வெளியே வளர்ந்த செடியில் சத்து அவ்வளவாக இல்லை. இலை போதவில்லை. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. 2002இல் ஜோஹன்னஸ்பர்க்கில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. உலகத்துக்கு உதாரணம் காட்டப்பட்ட ஒரு காரியம், காட்டில் இலை கிள்ள அனுமதி இல்லாமல் முடங்கிப் போயிற்று.

தமிழில் காணி என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். பரம்பரையாக வந்த நிலவுரிமை. காணியாட்சி என்கிறோம். அந்தப் பெயரைத் தாங்கிய கூட்டத்தாருக்கு, தாம் காலங்காலமாக இலை பறித்த காட்டில் பறிக்கும் உரிமை இல்லை என்று சொல்லப்பட்டது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதுகூட இந்தக் கதைக்குக் காலங்கடந்துதான் வந்தது.

இத்தனையும் மலையின் அந்தப் பக்கத்துக் கதை. இந்தப் பக்கம்?

காணிகள் கேரளத்தார் மட்டும் இல்லை. பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு என்று அவர்கள் குடியிருப்புகள் உண்டு. குமரி மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. எந்தப் பக்கத்துக்காரன் என்று அதை வைத்துக் கூறுபோட முடியாது. கூறு போட்டது 1956. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதித் தாலுகாக்களும் எங்கள் பக்கத்துச் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. நாங்கள் அதை வெற்றி என்று கொண்டாடுகிறோம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மலை உச்சியில் கோடு விழுந்ததில், ஒரே கூட்டத்தார் இரண்டு ராஜ்யத்துப் பிரஜைகளாகிவிட்டார்கள். அரசியல் சட்டப்படியான பழங்குடிப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். காணிக்காரன், காணிக்கர் என்று போட்டு, கன்னியாகுமரி மாவட்டத்திலும், திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்களிலும் என்று எல்லை கட்டியிருக்கிறது. தாலுகா எல்லையைத் தாண்டி வந்து உட்கார்ந்தால் காணிக்காரன் சட்டப்படி காணிக்காரன் இல்லை. திருவிதாங்கூர் போன பிறகும் அதன் எல்லைக்கல் இந்தப் பட்டியலில் இருந்துகொண்டிருக்கிறது.

டிரஸ்டின் பெயரே 'கேரள' என்றுதான் ஆரம்பிக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் காணி, அதே சிகரத்தைக் கும்பிட்டு அதே கூட்டத்துப் பேச்சைப் பேசுகிறவனாக இருந்தாலும், அந்த 5 லட்சத்தில் அவனுக்குச் சம்பந்தம் இல்லை. கேரள அரசாங்கத்தின் ஸ்தாபனம் கேரளத்துக் காணிக்குக் கொடுத்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வியை எழுப்பக்கூட ஆள் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். நாம் அகத்தியர் விழா நடத்திக்கொண்டிருந்தோம்.

தென்காசியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன். எனக்கு நெடுநாளாகப் பழக்கம், வயதில் மூத்தவர்.

"அண்ணாச்சி, இதெல்லாம் யாரு கொண்டாந்து குடுக்கா?"

"மலைல இருந்து வருது."

"அது சரி, யாரு?"

"வருவாங்க. பேரு எதுக்குடே? சரக்கு நல்லாருந்தா வாங்கிக்கிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் அகத்தியர் வச்சிட்டுப் போனதுல்லா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை; நல்ல மனுஷர், எடைபோடுவதில் சுத்தம். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் வேரும் பட்டையும் எண்ணெயும் விற்கிறார்கள்; 'மலையிலிருந்து வந்தது' என்ற சொல்லுக்கு மேல் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. சரக்குக்கு மலை அத்தாட்சி. மலைக்கு அகத்தியர் அத்தாட்சி. நடுவில் ஒரு ஆளுக்கு இடமே இல்லாதபடி அது கச்சிதமாக அமைந்துவிட்டது.

காணிகளும்தானே அகத்தியரைக் கும்பிடுகிறார்கள், அவர்களே தங்கள் வைத்தியம் அவர் கொடுத்தது என்கிறார்களே என்று ஒரு ஆட்சேபம் வரும். வாஸ்தவம். மலையைத் தெய்வமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒருவன் தன் அறிவைத் தன் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைப்பது ஒன்று. இன்னொருவன் அதே தெய்வத்தின் பெயரைச் சொல்லி அந்த அறிவைத் தன் கடைக்கு எடுத்துக்கொள்வது வேறொன்று. அகத்தியர் இருவருக்கும் பொது என்பதால் இந்த வித்தியாசம் இல்லாமல் போய்விடாது.

இது பழைய கதை இல்லை, சட்டமாகவே வந்துவிட்டது. 1995இல் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் ஒரு பேடண்ட் கொடுத்தார்கள். 1997இல் அது ரத்தாயிற்று. ரத்தானதற்குக் காரணம் நம்மிடம் காட்டுவதற்கு எழுத்து இருந்தது. அதிலிருந்து பாடம் படித்து, பழைய வைத்திய நூல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பெரிய நூலகமாக மத்திய அரசு தொகுத்தது. நல்ல காரியம். ஆனால் எழுத்தில் இருப்பதே அறிவு என்ற பழைய நம்பிக்கை அதில் இன்னும் உறுதியாகிவிட்டது. 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பயன் பங்கீட்டிலிருந்து விலக்கு. தொகுக்கப்பட்டது என்றால் எது? 1940ஆம் வருஷத்து மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் பிரமாணமாகச் சொல்லப்பட்ட நூல்களில் உள்ளது. வேறு எதுவும் அல்ல.

அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஆயுர்வேத நூல்கள், சித்த நூல்கள், யுனானி நூல்கள் என்று வரிசை. சித்த வைத்தியத் திரட்டு, போகர் 700, புலிப்பாணி 500. அகத்தியர் பரிபூரணம் 400ம் இருக்கிறது. அட்டவணை சொல்வதை நம்பினால் அகத்தியர் இந்திய அரசாங்கம் அங்கீகரித்த ஆசிரியர். ஒரு கம்பெனி மூலிகைக்கு அகத்தியர் நூலை ஆதாரம் காட்டினால் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. மல்லன் காணி சொன்னார் என்று ஆதாரம் காட்டினால் தர வேண்டியிருக்கும். இந்த நிலைமையில் ஒரு வியாபாரி எந்தப் பெயரைத் தேடுவான் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. கவிராயர் இயல்பாகச் செய்ததை இனி ஆடிட்டர்கள் கணக்குப் போட்டுச் செய்வார்கள்.

ஆரோக்கியப்பச்சை அந்த நூல்களில் இல்லாதது காணிகளுக்கு இப்போதைக்கு ஒரு பாதுகாப்பு. எத்தனை நாளைக்கு என்பது வேறு. சுஸ்ருதரின் திவ்ய ஔஷதங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் வாராகி இதுதான் என்று காட்ட ஏற்கெனவே முயற்சி நடந்திருக்கிறது. செடிக்குப் பழமையும் கௌரவமும் தேடிக்கொடுக்கும் நல்ல எண்ணத்தில்தான் அது நடந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அடையாளம் நிலைபெற்றுவிட்டால், மேலே சொன்ன சட்டப்படி, 1987இல் காட்டுப் பாதையில் அந்த இரண்டு பேர் சொன்னது சுஸ்ருதர் ஏற்கெனவே சொல்லிவிட்டதாக ஆகிவிடும்.

பல்லுயிர்ச் சட்டத்தில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள செடி, விலங்கு, அவற்றைப் பற்றிய வழக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்து அதில் இருக்கும். சொன்னவர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டு, மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் அவர்கள் பேச்சிலேயே, செடிக்கு அவர்களுக்குள் வழங்கும் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு வர ஆள் வேண்டும். சொல்லமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு வரத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும்.